வென்டிலேட்டரை எடுக்கச் சம்மதித்தால் அது கொலையா?

(ஓர் இணைய மன்றத்தில் புனைபெயர்களில் நடந்த உரையாடல்)

நடுமகன்

அப்பா தீவிர சிகிச்சைப் பிரிவில் வென்டிலேட்டரில் இருக்கிறார். நுரையீரல் நோய் முற்றிப்போய், இப்போது சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. நினைவில்லை. இனிமேல் எது செய்தாலும் நோய் குணமாகாது என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். கருவியை எடுப்பதா வேண்டாமா என்று குடும்பமாகப் பேசிச் சொல்லச் சொல்கிறார்கள்.

அண்ணன், "எடுத்தா அது ஐந்தாம் கட்டளைக்கு விரோதம், நம்ம கையாலயே அப்பாவைக் கொன்னதா ஆகும்" என்கிறார். தங்கை, "அவர் பட்டது போதும், விட்டுடுங்க" என்று அழுகிறாள். இரண்டு பேருமே ஞாயிறு பூசையை விடாதவர்கள். இருவரும் திருச்சபையின் பெயரைச் சொல்லியே பேசுகிறார்கள். எனக்கு ஆறுதல் வார்த்தை வேண்டாம். திருச்சபை இதில் உண்மையாகவே என்ன சொல்கிறது, ஏன் அப்படிச் சொல்கிறது, அது மட்டும் வேண்டும்.

நேர்கோடு

அண்ணன் சொல்வதுதான் சரி. உயிர் கடவுள் தந்தது, எடுக்கும் உரிமையும் அவருக்கே. "கொலை செய்யாதே" என்ற கட்டளைக்குக் கீழே "மருத்துவர் கைவிட்டால் தவிர" என்று எழுதியிருக்கவில்லை. அவர்கள் கணக்கு தப்பிய கதைகள் எத்தனை! மூச்சு இருக்கும்வரை போராடுங்கள். கருணைக்கொலை எல்லா வீட்டுக்குள்ளும் "அவர் பட்டது போதும்" என்ற வார்த்தையோடுதான் நுழைகிறது.

தோமாவின் மாணவன்

நடுமகன் சகோ, உங்கள் அப்பாவுக்காகச் செபிக்கிறேன். நீங்கள் கேட்டபடி நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

உயிரை எப்பாடுபட்டாவது, எந்தக் கருவியைக் கொண்டாவது நீட்டிக்க வேண்டும் என்று கத்தோலிக்கத் திருச்சபை ஒருபோதும் கற்பித்ததில்லை. இது நவீன காலத்தில் செய்துகொண்ட சமரசமும் அல்ல. 16-ஆம் நூற்றாண்டிலேயே பிரான்சிஸ்கோ தெ வித்தோரியா என்ற தொமினிக்கன் துறவி இதைப் பேசிவிட்டார். நோயாளி மனம் ஒடிந்து, ஒரு வாய் உணவு எடுப்பதே சித்திரவதையாக இருக்குமானால், அவர் சாப்பிடாமலிருப்பது சாவான பாவம், அதாவது மிகக் கனமான பாவம், ஆகாது என்றார். ஆயுள் நீளும் என்பதற்காக மிக உயர்ந்த உணவைத் தேடி உண்ணவோ, சொத்தை முழுக்க விற்று மருந்து வாங்கவோ யாருக்கும் கடமையில்லை என்றும் சொன்னார். அவருக்குப் பின் வந்த தொமிங்கோ பானியெஸ் இதைச் "சாதாரண வழிகள்", "அசாதாரண வழிகள்" என்று பிரித்தார். மயக்க மருந்தே இல்லாத காலம் அது. காலை வெட்டினால் பிழைப்பாய் என்றால், அந்த வேதனையைத் தாங்கியே தீர வேண்டும் என்று ஒருவரைக் கட்டாயப்படுத்த முடியுமா என்பது அவர்கள் முன் நின்ற உண்மையான கேள்வி.

பிறகு 1957 நவம்பர் 24. மயக்கவியல் மருத்துவர்களின் கேள்விகளுக்குத் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் பதில் சொன்ன நாள். செயற்கைச் சுவாசக் கருவிகள் அப்போதுதான் பரவலாகிக்கொண்டிருந்தன. நம் கேள்வியையேதான் அவர்களும் கேட்டார்கள். அவர் தந்த பதிலின் சாரம் இது: ஆள், இடம், காலம், சூழலைப் பொறுத்து, தனக்கோ பிறருக்கோ கடும் பாரமாகாத வழிகளை மட்டுமே பயன்படுத்தும் கடமை நமக்கு உண்டு. அதற்கு மேல் கட்டாயப்படுத்தினால் பெரும்பாலோருக்கு அது தாங்க முடியாததாகிவிடும், அதைவிட உயர்ந்த நன்மைகளை அடைவதும் கடினமாகிவிடும். உயிர் பெரிய நன்மைதான். ஆனால் அது நித்திய வாழ்வுக்கு உட்பட்ட நன்மை.

திருச்சபையின் போதனைத் தொகுப்பான மறைக்கல்வி நூலின் 2278-ஆம் எண்ணையும் அண்ணனுக்குக் காட்டுங்கள். பாரமான, ஆபத்தான, அசாதாரணமான, அல்லது எதிர்பார்க்கும் பலனுக்குப் பொருந்தாத சிகிச்சையை நிறுத்துவது முறையாக இருக்கலாம் என்கிறது அது. அங்கே நாம் சாவை விரும்பவில்லை. அதைத் தடுக்க நம்மால் இயலாது என்பதை ஏற்றுக்கொள்கிறோம்.

கேள்விமரம்

நான் நம்பிக்கையாளன் இல்லை. இங்கே அடிக்கடி வந்து வாசிப்பவன். நடுமகன், உங்கள் நிலைமைக்கு உண்மையாகவே வருந்துகிறேன்.

ஆனால் இந்த வாதத்தை என்னால் விழுங்க முடியவில்லை. ஊசி போட்டால் அரை மணியில் இறப்பார். கருவியை எடுத்தால் இரண்டு மணியில் இறப்பார். இரண்டிலும் ஒரு மனிதர் முடிவெடுக்கிறார், ஒரு கை அசைகிறது, ஒருவர் இறக்கிறார். முதலாவது கொலை, இரண்டாவது "ஏற்றுக்கொள்ளுதல்" என்றால் வித்தியாசம் சொல்லில்தானே இருக்கிறது?

1975-இல் ஜேம்ஸ் ரேச்சல்ஸ் என்ற அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஓர் உதாரணம் சொன்னார். சொத்துக்காக ஒருவன் சிறுவனைக் குளியல் தொட்டியில் அமுக்கிக் கொல்கிறான். இன்னொருவன் அதே எண்ணத்தோடு போகிறான். அதற்குள் சிறுவன் தானாகவே வழுக்கித் தொட்டியில் விழுந்து மூழ்குகிறான். இவன் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே நிற்கிறான். இரண்டாமவன் மேலானவனா? இல்லை. அப்படியானால் செய்வதற்கும் விடுவதற்கும் அறத்தில் வேறுபாடு இல்லை.

தோமாவின் மாணவன்

கேள்விமரம், அந்த உதாரணத்தில் திருச்சபை உங்கள் பக்கம்தான். இரண்டாமவனும் கொலைகாரனே. அவனுக்குப் பாவசங்கீர்த்தனத்தில் சலுகை எதுவும் கிடைக்காது!

காரணம், நாங்கள் கோடு போட்டிருப்பது செய்வதற்கும் விடுவதற்கும் இடையில் அல்ல. 1980 மே 5 தேதியிட்டு வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் வெளியிட்ட அறிக்கை கருணைக்கொலையை எப்படி வரையறுக்கிறது தெரியுமா? எல்லாத் துன்பத்தையும் போக்குவதற்காக, தன் இயல்பாலோ நோக்கத்தாலோ சாவை உண்டாக்கும் "செயல் அல்லது செய்யாமை". செய்யாமையும் அதற்குள் வருகிறது. எளிதாகத் தரக்கூடிய ஆன்டிபயாட்டிக்கை, "இவர் போனால் நல்லது" என்று நிறுத்தி வைத்தால் அது கொலை. ஊசி, மருந்து எதுவும் போடாமல் செய்த கொலை.

அப்படியானால் கோடு எங்கே? நோக்கத்தில். அதோடு, அந்த நோக்கத்தை நிறைவேற்ற எதைக் கருவியாக்குகிறோம் என்பதில். நோக்கம் என்பதை மனசுக்குள் ஓடும் உணர்ச்சி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வெளியே தெரிகிற சோதனை ஒன்று இருக்கிறது: கருவியை எடுத்த பிறகும் அவர் சாகவில்லை என்றால் என்ன செய்வீர்கள்?

இது கற்பனைக் கேள்வி இல்லை. அமெரிக்காவின் நியூஜெர்சியைச் சேர்ந்த கேரன் ஆன் குவின்லன் 1975-இல் தன் 21-ஆம் வயதில் நினைவிழந்து வென்டிலேட்டரில் வைக்கப்பட்டார். கத்தோலிக்கக் குடும்பம். கருவியை எடுக்கத் தந்தை அனுமதி கேட்டார், மருத்துவமனை மறுத்தது, வழக்கு மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்தப் பகுதி மறைமாவட்டத்தின் ஆயர் லாரன்ஸ் கேசி குடும்பத்தின் கோரிக்கை அறநெறிப்படி சரியே என்று எழுத்தில் சொன்னார். 1976 மார்ச்சில் தீர்ப்பு அவர்களுக்குச் சாதகமாக வந்தது. கருவியை எடுத்தார்கள்.

கேரன் சாகவில்லை. தானாக மூச்சு விட்டார். மூக்குக்குழாய் வழியே உணவு தொடர்ந்தது. அதை நிறுத்தும்படி அந்தத் தந்தை கேட்கவே இல்லை. மகளை ஒன்பது ஆண்டுகள் போய்ப் பார்த்தார்கள், பராமரித்தார்கள். 1985 ஜூனில்தான் அவர் இறந்தார். ஊசி போடச் சொல்கிறவர் அந்த ஊசி பலிக்காவிட்டால் இன்னொரு ஊசி கேட்பார், ஏனென்றால் சாவு வராதவரை அவர் எண்ணியது நிறைவேறவில்லை. குவின்லன் குடும்பம் எண்ணியது கருவி எடுக்கப்பட்ட அன்றே நிறைவேறிவிட்டது. இந்த இரண்டையும் ஒரே செயல் என்று சொல்ல என்னால் முடியாது. உங்களால் முடியுமா?

இரவுப்பணி

ஐசியுவில் செவிலியாக இருக்கிறேன். தத்துவம் பேச வரவில்லை, பார்ப்பதைச் சொல்கிறேன்.

"நோக்கம் உள்ளே இருப்பது, யாருக்குத் தெரியும்" என்று சிலர் நினைக்கலாம். கட்டில் பக்கத்தில் நிற்பவர்களுக்குத் தெரியும். மூச்சுத் திணறலுக்கு மார்ஃபின் கொடுக்கும்போது கொஞ்சம் கொடுத்து, முகத்தைப் பார்த்து, மூச்சின் வேகத்தை எண்ணி, தேவைக்கு ஏற்பக் கூட்டுவோம். திணறல் அடங்கினால் அதோடு நிறுத்துவோம். கொல்வதற்குக் கொடுக்கும் அளவு வேறு, கொடுக்கும் முறையே வேறு. சரியான அளவில், நோயாளியைப் பார்த்துப் பார்த்துக் கொடுக்கும் மார்ஃபின் பொதுவாக ஆயுளைக் குறைப்பதில்லை. குடும்பங்கள் இதைத் தெரியாமல் "மார்ஃபின் போட்டா சீக்கிரம் போயிடுவாரே" என்று தடுக்கிறார்கள். நோயாளி தேவையில்லாமல் வேதனைப்படுகிறார். எனக்கு மிகவும் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

நேர்கோடு

செவிலி அக்கா, ஒரு கேள்வி. துன்பத்தைக் கிறிஸ்துவின் பாடுகளோடு ஒப்புக்கொடுப்பது நம் மரபு இல்லையா? சிலுவையில் அறையும் முன் கொடுத்த, வெள்ளைப்போளம் கலந்த திராட்சை ரசத்தை ஆண்டவரே குடிக்க மறுத்தார். வலியை மருந்தால் அணைத்துவிட்டால் அந்த வாய்ப்பே போய்விடுகிறதே?

மாணவன் சொன்ன 2278-ஐ நானும் எடுத்துப் பார்த்தேன். அது இருப்பதை மறுக்கவில்லை. ஆனால் "பாரம்" என்ற சொல்லுக்குள் இன்று எல்லாரும் எதையும் போட்டு அடைக்கிறார்கள். பக்கவாதம் வந்த தாய்க்குச் சோறு ஊட்டுவதும் பாரம் என்பான். அதற்கு யார் அணை போடுவது?

தோமாவின் மாணவன்

முதல் கேள்விக்கு: ஒருவர் தன் துன்பத்தைத் தானே விரும்பி ஒப்புக்கொடுக்கலாம். அது வீரம். அடுத்தவரின் துன்பத்தை அவருக்காக நாம் ஒப்புக்கொடுக்க முடியாது. அந்த 1957-ஆம் ஆண்டு பிப்ரவரியிலேயே, வேறு வழி இல்லாதபோது, நோயாளி தன் மற்றக் கடமைகளைச் செய்ய அது தடையாகாதபோது, ஆயுள் குறையக்கூடும் என்றாலும் வலி நீக்கும் மருந்து தரலாமா என்று பன்னிரண்டாம் பயஸிடம் கேட்டார்கள். தரலாம் என்றார். மறைக்கல்வி நூல் 2279-இல் அதே போதனை இருக்கிறது. வலி தணிப்பு மருத்துவத்தைத் தன்னலமற்ற அன்பின் தனி வடிவம் என்றே அது சொல்கிறது.

இதன் வேர் இடைக்கால இறையியலாளர் புனித தோமா அக்குவினாஸிடம் இருக்கிறது. தற்காப்பைப் பற்றி எழுதும்போது, ஒரே செயலுக்கு இரண்டு விளைவுகள் இருக்கலாம், அவற்றில் ஒன்று மட்டுமே நோக்கத்துக்குள் வருவதாக இருக்கலாம் என்றார். பின்னால் வந்தவர்கள் இதை "இரட்டை விளைவு" என்று வளர்த்தெடுத்தார்கள். செயல் தன்னளவில் தீயதாக இருக்கக் கூடாது. தீய விளைவை நாடக் கூடாது. அந்தத் தீய விளைவின் வழியாக நன்மையைப் பெறக் கூடாது. அதை அனுமதிக்கத் தகுந்த கனமான காரணமும் வேண்டும். மூன்றாவதைக் கவனியுங்கள், கருணைக்கொலை விழுவது அங்கேதான். அதில் சாவின் வழியாகத்தான் வலி போகிறது. மார்ஃபினில் மருந்தின் வழியாகவே வலி போகிறது.

இரண்டாவது கேள்வி நல்ல கேள்வி. அணை இருக்கிறது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2004 மார்ச்சில் சொன்னார்: உணவும் நீரும், குழாய் வழியாகக் கொடுத்தாலும், அடிப்படையில் சாதாரணப் பராமரிப்பே. நினைவு திரும்பாது என்பதற்காக அதை நிறுத்த முடியாது. 2007-இல் பேராயம் இதை மறுபடி உறுதிசெய்தது. உடல் உணவை ஏற்க முடியாத நிலை, குழாயே பெரும் வேதனையாகிவிடும் அரிதான நிலை போன்றவற்றை மட்டும் விலக்காக வைத்தது. ஊட்டிவிடுவது ஊட்டுகிறவருக்குச் சலிப்பாக இருக்கிறது என்பது அந்தப் பட்டியலில் இல்லை.

நாலு சக்கரம்

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். பிறந்ததிலிருந்தே சக்கர நாற்காலியில் இருப்பவன். இரவில் மூச்சுக்கு ஒரு சிறு கருவியும் மாட்டிக்கொள்கிறேன். அதனால் இந்த இழை எனக்கு வேறு மாதிரித் தைக்கிறது.

நேர்கோடின் பயத்தை யாரும் கடந்துபோய்விடாதீர்கள். என்னைப் பார்த்து "இப்படி வாழ்றதுக்குப் போறதே மேல்" என்று முகத்துக்கு நேரே சொன்னவர்கள் உண்டு. அதில் படித்தவர்களும் அடக்கம். "பயனில்லை" என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் நான் கேட்பது ஒன்றுதான்: எது பயனில்லை, சிகிச்சையா, ஆளா? இந்தச் சிகிச்சை இவருக்கு இனி ஒன்றும் செய்யாது என்று மருத்துவர் சொன்னால் அது மருத்துவத் தீர்ப்பு. இந்த வாழ்க்கை வாழத் தகுந்ததல்ல என்று சொன்னால், அதைச் சொல்ல அவருக்கு எந்தத் தகுதியும் இல்லை. என் கருவியும் நடுமகன் அப்பாவின் கருவியும் பார்க்க ஒரே ஜாதிதான். எனக்கு அது சாதாரண வழி, அதை மாட்டிக்கொண்டு நான் வேலைக்குப் போகிறேன். அவருக்கு இன்று அது வேறு. கருவியின் பெயரை மட்டும் வைத்து இதைத் தீர்க்க முடியாது.

கனடாவில் 2016-இல் மருத்துவ உதவியோடு சாவதைச் சட்டமாக்கியபோது, இயல்பான மரணம் நெருங்கியவர்களுக்கு மட்டும் என்றார்கள். 2021-இல் மரணம் அருகில் இல்லாத, ஆனால் கடும் நோயோ ஊனமோ உள்ளவர்களுக்கும் திறந்துவிட்டார்கள். ஐந்தே ஆண்டு. அந்தக் கதவு என்னைப் போன்றவர்களைப் பார்த்துத்தான் திறந்திருக்கிறது.

கேள்விமரம்

நாலு சக்கரம், நீங்கள் சொன்னதை மதிக்கிறேன். ஆளா, சிகிச்சையா என்ற கேள்வியை நானும் இனி வைத்துக்கொள்வேன். குவின்லன் சோதனையும் வலுவானது. ரேச்சல்ஸின் உதாரணம் அதைத் தொடவில்லை என்பதைப் பார்க்கிறேன்.

ஆனால் என் மைய ஆட்சேபம் அப்படியே இருக்கிறது. தெளிவான புத்தியோடு, யாரும் வற்புறுத்தாமல், "எனக்குப் போதும், உதவுங்கள்" என்று ஒருவர் கேட்கிறார். அது அவர் உயிர். வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கோ எனக்கோ என்ன உரிமை? "உயிர் கடவுளுடையது" என்பது நம்பிக்கையாளருக்குப் பதில். எனக்கு அது பதில் ஆகாது.

தோமாவின் மாணவன்

நியாயம். கடவுளை நடுவில் கொண்டுவராமலே பேசுகிறேன்.

தற்கொலை எண்ணத்தோடு பாலத்தின் மேல் நிற்கிற இருபது வயதுக்காரரும் "என் உயிர், எனக்குப் போதும்" என்கிறார். அவரை இழுத்துப் பிடிக்கிறோம். அவர் புத்தி தெளிவாக இருப்பதாகச் சொன்னாலும் பிடிக்கிறோம். அதையே நோயாளி சொன்னால் உதவ வேண்டும் என்றால், நாம் மதிப்பது அவரது சுயவிருப்பத்தை மட்டும் அல்ல. "உன் நிலையில் இருந்தால் சாக விரும்புவது நியாயம்தான்" என்ற ஒரு தீர்ப்பும் அதில் சேர்ந்திருக்கிறது. அந்தத் தீர்ப்பைத்தான் நாலு சக்கரம் முகத்துக்கு நேரே கேட்டிருக்கிறார். விருப்பம் மட்டுமே போதும் என்றால் பாலத்தில் நிற்பவரையும் விட வேண்டும். போதாது என்றால், யாருடைய வாழ்வு குறைவானது என்று சமூகம் வரிசைப்படுத்தியாக வேண்டும்.

இன்னொன்று. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், மருத்துவ உதவியோடு சாவதை அனுமதிக்கும் சட்டம் 1997-இலிருந்து நடப்பில் இருக்கிறது. அங்கே ஆண்டுதோறும் வெளியாகும் அரசு அறிக்கைகளில், சாக மருந்து கேட்டவர்கள் முதன்மையாகச் சொல்லும் காரணம் வலி அல்ல. தன் காரியங்களைத் தானே செய்ய முடியாமல் போவது, வாழ்க்கையை இன்பமாக்கியவற்றைச் செய்ய முடியாமல் போவது, கண்ணியம் குறைவது, இவைதான் முன்னால் நிற்கின்றன. பிறரைச் சார்ந்து வாழ்வது இழிவு என்று நம் காலம் கற்றுக்கொடுத்திருக்கிறது. அந்தப் பாடத்தைக் கற்றவர்கள் சாவைக் கேட்கிறார்கள். பாடத்தை மாற்றாமல் ஊசியைத் தருவது அவர்கள் சொல்வதைக் கேட்பதாகாது.

கேள்விமரம்

பாலத்தில் நிற்பவருக்கு நாளை வேறாக இருக்கலாம். இறுதி நோயாளிக்கு நாளை இல்லை. அந்த வேறுபாட்டை நீங்கள் சிறிதாக்குகிறீர்கள் என்றே நினைக்கிறேன். ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஆனால் "வரிசைப்படுத்துதல்" என்ற ஆபத்து உண்மை. சட்டம் எழுதுகிறவர்கள் அதைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்துவிடக் கூடாது.

நடுமகன்

எல்லாவற்றையும் அண்ணனுக்கும் தங்கைக்கும் அனுப்பினேன். அண்ணன் இரண்டு கேள்வி கேட்டார். ஒன்று, செலவைப் பற்றி யோசிப்பதே பாவமா? சேமிப்பு கரைந்துகொண்டிருக்கிறது. அதை வாய்விட்டுச் சொல்லவே கூசுகிறது. இரண்டு, அப்பாவுக்கு நினைவில்லை. குருவானவர் நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் அவஸ்தைபூசுதல் கொடுக்க முடியுமா?

தங்கை ஒன்றை நினைவுபடுத்தினாள். அம்மா இறந்தபோது, "என்னை மெஷின்ல போட்டு இழுக்காதீங்க, சாமியாரை மட்டும் கூப்பிடுங்க" என்று அப்பா எங்கள் மூவரிடமும் சொல்லியிருக்கிறார்.

தோமாவின் மாணவன்

செலவு: பாவமில்லை. 1980 அறிக்கையே அதைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. குடும்பத்தின்மீதோ சமூகத்தின்மீதோ மிதமிஞ்சிய செலவைச் சுமத்த விரும்பாமல் ஒருவர் சிகிச்சையை மறுப்பது தற்கொலைக்குச் சமம் ஆகாது என்கிறது. குடும்பத்தின் சேமிப்பைவிட ஆள் மலிவு என்று யாரும் சொல்லவில்லை. பலன் இல்லாத ஒன்றுக்காகக் குடும்பம் அழிய வேண்டும் என்றும் யாரும் கேட்கவில்லை.

அப்பாவின் வார்த்தைதான் இதில் முதன்மையானது. ஒரு வழி பாரமா இல்லையா என்பதை நோயாளியின் கண்ணால்தான் முதலில் பார்க்க வேண்டும். அவர் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்.

அவஸ்தைபூசுதலை, அதாவது நோயில்பூசுதலை, தாராளமாகக் கொடுக்கலாம். திருச்சபைச் சட்டம் 1006-இன்படி, நினைவோடு இருந்தபோது மறைமுகமாகவாவது அதை விரும்பியவருக்கு அதைத் தர வேண்டும். அப்பா வாயாலேயே கேட்டிருக்கிறார். கருவியை எடுக்கும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம், இன்றே குருவானவரை அழையுங்கள்.

நேர்கோடு

நடுமகன், இன்னொரு மருத்துவரிடமும் கேட்டுவிடுங்கள். அது ஒன்றையே வேண்டிக் கேட்கிறேன். அவரும் அதையே சொன்னால் உங்களைக் கொலைகாரர்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

இரவுப்பணி

இரண்டாவது கருத்தைக் கேட்பது உங்கள் உரிமை, நல்ல மருத்துவர் யாரும் அதற்குக் கோபப்பட மாட்டார். சட்டமும் நடைமுறையும் நாட்டுக்கு நாடு வேறு. மருத்துவமனையில் எழுத்தில் என்ன வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த நேரத்தில் என்ன நடக்கும் என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள். எடுப்பதற்கு முன்பே திணறலுக்கான மருந்தைத் தயாராக வைத்திருக்கச் சொல்லுங்கள். எடுத்த பிறகு சிலர் சில நிமிடங்களில் போய்விடுவார்கள். சிலர் மணிக்கணக்கில், அரிதாக நாள்கணக்கில் இருப்பார்கள். தொண்டையில் கரகரவென்று சத்தம் வரலாம், கேட்பவர்களுக்கு அது பயமாக இருக்கும், நோயாளிக்குப் பெரும்பாலும் அது வேதனை தருவதில்லை. வாயை ஈரத்துணியால் துடைக்கலாம், திருப்பிப் படுக்கவைக்கலாம், கையைப் பிடித்துக்கொள்ளலாம், செபமாலை சொல்லலாம். கருவியை மட்டும்தான் நிறுத்துகிறோம், பராமரிப்பை நிறுத்தவில்லை என்று உங்கள் அண்ணனிடம் சொல்லுங்கள். மூன்று பேரும் உள்ளே இருக்க அனுமதி கேளுங்கள்.